அளந்து பார்க்கும் பிள்ளைகள்: சிறுவர் மடிக்கணினிக்குத் தன்னார்வலர்கள் எழுதிய மென்பொருள்

'மெஷர்' என்பது 'எக்ஸ்ஓ' என்னும் சிறுவர் மடிக்கணினியை ஓர் அளவுகருவியாக மாற்றும் மென்பொருள். கணினியின் ஒலிவாங்கி கேட்கும் ஒலியை அது அலைவடிவமாகத் திரையில் வரைகிறது. ஒலிவாங்கித் துளையில் இரண்டு கம்பிகளை இணைத்தால் மின்னழுத்தத்தையும் தடையையும் காட்டுகிறது. வெப்பத்துக்கோ வெளிச்சத்துக்கோ ஏற்பத் தடை மாறும் உணரி ஒன்றைக் கம்பியின் முனையில் பொருத்தினால் அந்த மாற்றத்தையும் பதிந்து தருகிறது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அலைவுகாட்டி என்ற விலையுயர்ந்த கருவி செய்யும் வேலையில் ஒரு பகுதியை இப்படி ஆரம்பப் பாடசாலைப் பிள்ளையின் கணினியே செய்துவிடுகிறது. இதை யாரும் விலைக்கு விற்கவில்லை. வெவ்வேறு நாடுகளில் இருந்த நிரலாளர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடி எழுதி, திருத்தி, உலகுக்குப் பொதுவில் கொடுத்தார்கள்.

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் அளவு இல்லாமல் ஒரு நாள் கழிவதில்லை. பறித்த கொழுந்து தராசில் ஏறுகிறது. வெட்டியெடுத்த இறப்பர்ப் பாலின் செறிவு மெட்ரோலாக் கருவியால் பார்க்கப்படுகிறது. பெய்த மழை மில்லிமீற்றரில் பதியப்படுகிறது. அந்த எண்களை வைத்தே கூலி தீர்மானமாகிறது. மண் சரியும் காலத்தில் உயிரும் அவற்றை நம்பியே இருக்கிறது. ஆனால் தராசும் கருவியும் பெரும்பாலும் தொழிலாளியின் கையில் இருப்பதில்லை. பிறர் சொல்லும் எண்ணைக் கேட்டுப் பழகிய குடும்பத்துப் பிள்ளைக்கு, தானே அளந்து, எழுதிவைத்து, சரிபார்க்கத் தெரிவது பெரிய பலம். அளவீட்டு மென்பொருளின் கதை இரத்தினபுரி, கேகாலை மாவட்டத்து வாசகர்களுக்கு முக்கியமாவது இதனால்தான்.

மடிக்கணினி பிறந்த விதம்

2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த நிக்கலஸ் நெக்ரொபொன்டே, உலகின் ஏழைப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 100 டொலர் விலையில் ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை அறிவித்தார். 'பிள்ளைக்கொரு மடிக்கணினி' என்பது இதன் பெயர். பிள்ளை ஒரு பொருளைத் தானே செய்து பார்க்கும்போதுதான் அறிவு ஊன்றுகிறது என்று வாதிட்ட கணிதவியலாளர் சீமோர் பெப்பர்ட்டின் கல்விச் சிந்தனையே திட்டத்தின் அடித்தளம்.

2007ஆம் ஆண்டின் இறுதியில் எக்ஸ்ஓ மடிக்கணினி பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. விலை 100 டொலரில் நிற்கவில்லை. ஏறக்குறைய 188 டொலராக உயர்ந்தது. ஆனாலும் அது பிள்ளைகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட கருவி. எடை ஒன்றரைக் கிலோகிராம் அளவு. தூசியும் நீர்த்துளியும் எளிதில் புகாத விசைப்பலகை. கொளுத்தும் வெயிலிலும் எழுத்துத் தெரியும் ஏழரை அங்குலத் திரை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் தன்மை. ஒரு கணினி அடுத்த கணினியோடு நேரடியாகப் பேசும் கம்பியில்லா வலையமைப்பு. இவற்றை இயக்க, 'சுகர்' என்ற கற்றல் தளம் லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்டது. சுகரில் ஓடும் ஒவ்வொரு மென்பொருளும் 'செயற்பாடு' எனப்பட்டது. எழுதுவதற்கு ஒன்று, வரைவதற்கு ஒன்று, இசைக்கு ஒன்று, அளப்பதற்கு மெஷர்.

ஒலித்துளை அளவுகருவியாவது எப்படி

பெரும்பாலான கணினிகளில் ஒலிவாங்கியைச் செருகும் துளை உண்டு. அதன் வழியே உள்ளே போவது ஒலி அன்று. ஏறி இறங்கும் மின்னழுத்தம். கணினி அந்த அழுத்தத்தை ஒரு செக்கனுக்கு 48,000 தடவை வரை அளந்து எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களை வரிசையாகப் புள்ளியிட்டு இணைத்தால் அலை தெரிகிறது. ஆக, ஒலியைப் பதிவுசெய்யும் ஒவ்வொரு கணினிக்குள்ளும் மிக வேகமான மின்னழுத்தமானி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

சாதாரணக் கணினியில் இந்த மின்னழுத்தமானிக்கு ஒரு குறை உண்டு. துளைக்கும் உட்சுற்றுக்கும் இடையில் உள்ள கொள்ளளவி, மாறாத மின்னழுத்தத்தைத் தடுத்துவிடும். ஆகையால் ஒலியைப் போல அதிரும் அழுத்தம் உள்ளே போகும். பற்றரியின் நிலையான அழுத்தம் போகாது. எக்ஸ்ஓவை வடிவமைத்தவர்கள், மென்பொருளின் கட்டளைப்படி இந்தத் தடையைத் தாண்டி நேர்மின்னழுத்தத்தையும் அளக்கும் வசதியை வைத்தார்கள். பிள்ளைகள் வெளியுலகை அளக்க வேண்டும் என்று திட்டமிட்டே சேர்க்கப்பட்ட வசதி இது. ஆனால் இந்தத் துளை தாங்குவது மிகச் சிறிய அழுத்தத்தை மட்டுமே. வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் அதனருகே கொண்டுபோகக் கூடாது.

மெஷர் திரையில் இரண்டு வகை வரைபு கிடைக்கும். முதலாவது, நேரத்துக்கு எதிரான வரைபு: ஒலி எப்போது எழுந்தது, எவ்வளவு வலுவாக இருந்தது, எப்படித் தணிந்தது என்பதை அது காட்டும். இரண்டாவது, மீடிறனுக்கு எதிரான வரைபு. ஒரு பொருள் ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்ற கணக்கே மீடிறன். குரலிலோ வாத்தியத்திலோ பல மீடிறன்கள் கலந்திருக்கும். ஃபூரியே உருமாற்றம் என்ற கணித முறையால் மென்பொருள் அவற்றைப் பிரித்து, எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிறது. உயர்தரத்துக்கு அப்பால் கற்கும் கணிதம் இது. அந்தக் கணக்கு தெரியாத ஒன்பது வயதுப் பிள்ளையும், விசிலின் ஒற்றை முள்ளும் குரலின் பல முள்களும் திரையில் வேறுபடுவதைக் கண்ணால் கண்டுகொள்ளும்.

அளந்த எண்களைக் குறித்த இடைவெளியில் தானாகப் பதிந்து, அட்டவணையாகச் சேமிக்கும் வசதியும் இதில் உண்டு. ஓர் இரவு முழுவதும் வெப்பம் எப்படி இறங்கியது என்பதைப் பதியவிட்டு, காலையில் வகுப்பில் அதை வரைபாகப் பார்க்கலாம். ஒரு தடவை அளப்பதைவிடத் தொடர்ந்து அளப்பதே விஞ்ஞானத்துக்கு முக்கியம். பதிவு வசதி அந்தப் பழக்கத்தை ஊட்டுகிறது.

தன்னார்வலர்கள் கூடி உழைத்த விதம்

மெஷரை 2007இல் முதலில் எழுதியவர் இந்தியாவைச் சேர்ந்த அர்ஜுன் சர்வால். எழுதப்பட்ட மொழி பைத்தன். வாசிக்கவும் திருத்தவும் எளிய மொழி என்பதாலேயே சுகரின் செயற்பாடுகள் பலவற்றுக்கு அது தேர்ந்தெடுக்கப்பட்டது. நிரல் முழுவதும் குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியானது. யாரும் அதை ஓட்டலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம் என்பதும், பகிரும்போது அதே உரிமையைப் பெறுபவருக்கும் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த உரிமத்தின் சாரம்.

இந்த உரிமை இருந்ததால்தான் மென்பொருள் ஒருவரோடு நின்றுவிடவில்லை. 2008ஆம் ஆண்டில் வால்டர் பெண்டர் முதலானோர் சுகர் தளத்தைத் தொடர்ந்து வளர்க்க 'சுகர் லாப்ஸ்' என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார்கள். பெண்டர் மெஷரின் நிரலையும் கையில் எடுத்து, புதிய எக்ஸ்ஓ மாதிரிகளுக்கு ஏற்பப் பல ஆண்டுகள் மாற்றிவந்தார். இந்தியரான சாயமிந்து தாஸ்குப்தா உட்படப் பலர் பங்களித்தார்கள். நிரலின் தலைப்பில் இந்தப் பெயர்கள் ஆண்டுகளோடு வரிசையாகப் பதிவாகியுள்ளன. அவர்களுள் பலர் ஒருவரையொருவர் நேரில் காணாமலே வேலை செய்தவர்கள்.

இத்தகைய கூட்டுழைப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நிரல் ஒரு பொதுக் களஞ்சியத்தில் இருக்கும். யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பது அழியாமல் பதிவாகும். மாற்றம் பிழையானால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். புதியவர் ஒருவர் திருத்தம் அனுப்பினால், அனுபவசாலி ஒருவர் வாசித்துப் பார்த்த பின்பே அது சேர்க்கப்படும். பிழை கண்டவர் நிரல் எழுதத் தெரிந்தவராக இருக்கத் தேவையில்லை. என்ன செய்தபோது என்ன நடந்தது என்று தெளிவாக எழுதினாலே அது பங்களிப்பு. சோதித்தவரும், கையேடு எழுதியவரும், சொற்களை மொழிபெயர்த்தவரும் நிரலாளருக்குச் சமமாகத் தேவைப்பட்டார்கள்.

ஆசிரியர்களின் பங்கு இதில் தனிச் சிறப்புடையது. தென்னமெரிக்காவின் உருகுவே, 'சேய்பல் திட்டம்' மூலம் 2009ஆம் ஆண்டுக்குள் அரசாங்க ஆரம்பப் பாடசாலை மாணவர் எல்லோருக்கும் எக்ஸ்ஓ கொடுத்த நாடு. அங்கு பௌதிகவியல் கற்பித்த குஸ்மான் திரினிதாத், இந்தக் கணினியோடு மலிவான உணரிகளை இணைத்துச் செய்யத்தக்க பரிசோதனைகளை உருவாக்கி ஒரு நூலாகவே தந்தார். அவுஸ்திரேலியாவின் டோனி ஃபோர்ஸ்டர், 'டர்ட்டில் ஆர்ட்' என்ற வரைதற் செயற்பாட்டுக்குள் உணரிகளின் அளவுகளைக் கொண்டுவந்து பரிசோதித்தார். சத்தம் கூடினால் ஆமை வேகமாக நகர வேண்டும், வெளிச்சம் குறைந்தால் நிறம் மாற வேண்டும் என்று பிள்ளைகளே கட்டளை அமைக்க இதனால் வழி பிறந்தது. வகுப்பறையின் தேவை நிரலாளரிடம் போய், நிரல் திரும்பவும் வகுப்பறைக்கு வந்தது.

ஒலியால் தூரத்தை அளத்தல்

அளவீட்டுச் செயற்பாடுகளுள் இன்னொன்று, பெஞ்சமின் ஷ்வார்ட்ஸ் எழுதிய 'டிஸ்டன்ஸ்'. இரண்டு மடிக்கணினிகளுக்கு இடையிலான தூரத்தை ஒலியால் அளப்பது இதன் வேலை. வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் இருக்கும்போது காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 346 மீற்றர் செல்லும். அதாவது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏறக்குறைய 35 சென்றிமீற்றர்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு கணினிகளின் கடிகாரங்களும் அவ்வளவு நுட்பமாக ஒத்துப்போவதில்லை. எனவே இரண்டும் முறைவைத்து ஒலியெழுப்புகின்றன. ஒவ்வொன்றும் தன் ஒலியையும் எதிர்க் கணினியின் ஒலியையும் கேட்டு, இடைப்பட்ட நேரத்தைத் தன் கடிகாரத்தாலேயே அளக்கிறது. முதற் கணினிக்கு அந்த இடைவெளி சற்றுக் கூடுதலாகவும் மற்றதற்குக் குறைவாகவும் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒலி போய் வர எடுத்த நேரம். அதை இரண்டால் வகுத்து ஒலியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லாமற் போகிறது.

வெப்பநிலை ஒரு பாகை குறைந்தால் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 0.6 மீற்றர் குறையும். 25 பாகை என்று கருதிக் கணக்கிட்ட தூரம், உண்மையில் 18 பாகைக் குளிரில் அளக்கப்பட்டதானால், பத்து மீற்றரில் சுமார் 12 சென்றிமீற்றர் பிழை வரும். நாடாவால் அளந்த தூரத்தோடு ஒப்பிட்டு, பிழை எங்கிருந்து வந்தது என்று தேடும் பிள்ளை, அளவீட்டின் முதற் பாடத்தைக் கற்கிறது: எந்த எண்ணுக்கும் ஒரு பிழையெல்லை உண்டு, அது எவ்வளவு என்பதைச் சொல்லத் தெரிய வேண்டும்.

இலங்கைக்கு வந்த மடிக்கணினிகள்

இலங்கையில் 2009ஐ ஒட்டிய காலத்தில், உலக வங்கியின் உதவியோடு கல்வி அமைச்சு நாட்டின் பத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகளில் எக்ஸ்ஓ முன்னோடித் திட்டத்தை நடத்தியது. திட்டம் நாடு முழுவதற்கும் விரியவில்லை. ஆனால் கட்டற்ற மென்பொருளில் இலங்கைக்கு ஏற்கெனவே நல்ல அனுபவம் இருந்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின், இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் சில வாரங்களுக்குள் உருவாக்கிய 'சஹானா' என்ற பேரிடர் முகாமைத்துவ மென்பொருள், பிறகு பல நாடுகளின் பேரிடர்களில் பயன்பட்டது. கூகுள் நடத்தும் கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். திறமை இந்த மண்ணிலேயே இருக்கிறது. அது தோட்டப் பாடசாலையின் வாசல் வரை போய்ச் சேருவதே மீதியான வேலை.

கருவி மட்டும் போதாது

பிள்ளைக்கொரு மடிக்கணினித் திட்டத்தின் குறைகளையும் அறிந்துகொள்வது அவசியம். பெரு நாட்டின் 319 கிராமப் பாடசாலைகளில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2012இல் வெளியாயின. கணினி பெற்ற பாடசாலைகளின் மாணவர்கள் கணிதத்திலும் மொழியிலும் மற்றவர்களைவிட முன்னேறியதற்குச் சான்று இல்லை என்பது அதன் முடிவு; பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. கணினியைக் கொடுத்துவிட்டு ஆசிரியருக்குப் பயிற்சியும் பாடத்தோடு இணைப்பும் தராமல் விட்டால் பலன் குறைவு என்ற விமர்சனம் இதனால் வலுத்தது.

அளவீட்டு மென்பொருளுக்கு இது இன்னும் பொருந்தும். திரையில் அலை நெளிவது ஐந்து நிமிட வேடிக்கை. அதற்கு முன் ஒரு கேள்வியும், பின் ஒரு கணக்கும் இருந்தால் மட்டுமே அது பாடமாகும். அந்தக் கேள்வியை எழுப்புபவர் ஆசிரியர்.

தோட்டப் பாடசாலையில் அளக்கத்தக்கவை

தோட்டப் பாடசாலைகளை 1970களிலிருந்து அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதன் பின் எழுத்தறிவு பெரிதும் உயர்ந்தது. ஆனால் விஞ்ஞான ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் பல பாடசாலைகளுக்கு இன்னும் எட்டாதவை. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பகுதிகளின் பிள்ளைகளைச் சுற்றி அளக்கத்தக்க பொருள்களுக்கோ குறைவே இல்லை.

காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் அடிக்கும் தப்பை எடுத்துக்கொள்ளலாம். அடிப்பதற்கு முன் அதை நெருப்பில் காய்ச்சுவது வழக்கம். காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் எழும் ஒலியை மெஷரில் பதிந்தால், தோல் இறுக இறுக மீடிறன் உயர்வதை எண்ணாகக் காணலாம். ஈரமான மழைநாளில் ஓசை ஏன் அடங்கிப்போகிறது என்பதற்கும் அதே பரிசோதனை விடை தரும். பரம்பரையாகக் கைவந்த அறிவும் பௌதிகவியலும் ஒரே வரைபில் சந்திக்கின்றன.

நிழல் மரத்தின் அடியிலும் வெட்டவெளியிலும் வெளிச்சத்தை ஒப்பிடலாம். தகரக் கூரையுள்ள லயத்து அறையில் நண்பகல் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது, நள்ளிரவில் எவ்வளவு இறங்குகிறது என்று பதியலாம். கூரையில் மழை கொட்டும்போது வகுப்பில் ஆசிரியரின் குரலை அமுக்கும் சத்தம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். இத்தகைய பதிவுகள் பாடத்தோடு முடியாமல், வீடமைப்பையும் வகுப்பறையையும் பற்றிப் பெற்றோர் சான்றோடு பேசவும் உதவும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மழை. இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலைச்சரிவு கிராமங்களை மூடியது. அதே நாளில் புலத்கொஹுபிட்டியவில் தோட்டத்துக் குடும்பங்களும் மண்ணுக்குப் பலியாயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலின்படி 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு நிலை, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை நிலை, 150ஐத் தாண்டினால் வெளியேறும் நிலை. நேரான சுவருள்ள எந்தப் பாத்திரத்தையும் திறந்தவெளியில் வைத்து, தேங்கிய நீரின் ஆழத்தை அளவுகோலால் பார்த்தாலே மழையளவு தெரிந்துவிடும். பாத்திரம் அகலமா ஒடுக்கமா என்பது பொருட்டன்று. குறித்த அளவு நீர் நிறைந்ததும் கவிழ்ந்து, ஒவ்வொரு கவிழ்வுக்கும் ஒரு மின்துடிப்பை எழுப்பும் மழைமானியை ஒலித்துளையில் இணைத்தால், கணினியே மழையைப் பதியும். நாள்தோறும் அளந்து எழுதும் ஒரு பாடசாலை, தன் மலையைப் பற்றிய நீண்டகாலப் பதிவொன்றைத் தானே சேர்த்துக்கொள்கிறது.

இன்று கிடைக்கும் வழிகள்

எக்ஸ்ஓ இப்போது உற்பத்தியில் இல்லை. ஆனால் சுகர் தளம் சாதாரணக் கணினிகளிலும் ஓடுகிறது. 2009இல் வெளிவந்த 'சுகர் ஒன் எ ஸ்டிக்' பதிப்பை ஒரு யூஎஸ்பி நினைவகத்தில் ஏற்றி, பழைய கணினியிலும் தொடங்கலாம். அங்கு ஒலி அளவீடுகள் எல்லாம் கிடைக்கும். நேர்மின்னழுத்த அளவீடு எக்ஸ்ஓவுக்கே உரியது.

மின்னளவீடுகளுக்கு வேறு கருவிகள் வந்துவிட்டன. புதுடில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில் அஜித் குமார் தொடங்கிய 'ஃபீனிக்ஸ்' திட்டம் 'எக்ஸ்பைஸ்' என்ற சிறு கருவியைத் தந்தது. யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணையும் அதன் மென்பொருளும் பைத்தனில் எழுதப்பட்டது. சுற்று வரைபடமும் பொதுவில் கிடைக்கிறது. கேரளப் பாடசாலைகள் அதைப் பயன்படுத்துகின்றன. அதே வழியில் வளர்ந்தது 'ஃபோஸ்ஏஷியா' அமைப்பின் 'பொக்கெட் சயன்ஸ் லாப்'. அதன் மென்பொருளில் இலங்கைப் பல்கலைக்கழக மாணவர்களின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. கருவி எதுவும் வாங்க முடியாத இடத்தில் கைபேசியே போதும். ஜேர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட 'ஃபைஃபொக்ஸ்' என்ற இலவசச் செயலி, கைபேசிக்குள் இருக்கும் உணரிகளால் ஒலி, முடுக்கம், காந்தப்புலம் முதலியவற்றை அளக்கிறது.

எழுதிய நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்த தன்னார்வலர்களின் உழைப்பு, இவற்றில் ஒவ்வொன்றையும் தோட்டப் பாடசாலைக்கும் உரிமையாக்கியிருக்கிறது. பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும், தோட்டத்திலிருந்து உயர்கல்விக்குச் சென்ற இளைஞர்களும், பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் சேர்ந்தால், பழைய கணினியொன்றும் இரண்டு உணரிகளும் கொண்டு ஒரு பாடசாலையில் அளவீட்டு மூலை அமைக்க முடியும். அதற்கான தமிழ்க் கையேட்டை எழுதுவதும், பரிசோதனைகளைத் தரம் 6 முதல் 11 வரையான விஞ்ஞானப் பாடத்தோடு பொருத்துவதும், கண்ட பிழைகளை மூல நிரலாளர்களுக்கு அறிவிப்பதும் அந்தக் கூட்டுழைப்பின் அடுத்த கட்டம். அதைச் செய்யும் நாளில் சப்ரகமுவத் தோட்டங்கள் இந்த மென்பொருளைப் பெறுபவையாக மட்டும் இல்லாமல், அதை வளர்ப்பவையாகவும் ஆகும்.